முப்பத்திரண்டு எங்கிருந்து வருகிறது?

பட்டர்வொர்த்தில் சனிக்கிழமை காலைகளில் நான் நடத்தும் டியூஷன் வகுப்பில், படிவம் 2 மாணவி ஒருத்தி 98.6 பாகை ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸுக்கு மாற்றிவிட்டு நோட்டை நீட்டினாள். விடை 22.8 என்று இருந்தது. வாய்பாடு அவளுக்குத் தெரியும். 32ஐக் கழிக்க வேண்டும், 5/9ஆல் பெருக்க வேண்டும், இரண்டையும் செய்திருந்தாள். அடைப்புக்குறியை மறந்ததால் பெருக்கல் முந்திக்கொண்டது, கழித்தல் பின்னால் போய்விட்டது.

"இது எதோட வெப்பநிலை?" என்றேன்.

"உடம்புச் சூடு, சார்."

"ஏர்கோன் எத்தனையில ஓடுது?"

சுவரில் ஒளிர்ந்த எண்ணைப் பார்த்தாள். 24. அறைக் காற்றைவிடக் குளிர்ந்த உடம்பு! பேசாமல் நோட்டை வாங்கிக்கொண்டு போனவள் ஐந்து நிமிடத்தில் 37 என்று திருத்தி எடுத்து வந்தாள். திரும்பிப் போகும்போது கேட்டாள்: "எதுக்கு சார் 32? ஏன் 30 இல்ல?"

இந்தக் கேள்விக்கு நேரம் ஒதுக்காமல் அளவுகோல் மாற்றத்தைக் கற்பிக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அவள் கவனக்குறைவான பிள்ளை அல்ல. நாம் அவளிடம் வாய்பாட்டைக் கொடுத்துவிட்டு, அது எப்படி உண்டானது என்பதைக் கொடுக்காமல் விட்டோம். காரணம் தெரியாத எண்ணை மூளை எங்கே வேண்டுமானாலும் வைத்துவிடும்.

மலேசியா 1970களிலேயே மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கிவிட்டது. வானிலைச் செய்தி பாகை செல்சியஸில்தான் வருகிறது. கோவிட் காலத்தில் கடை வாசல்தோறும் நெற்றிக்கு நேரே நீட்டிய கருவி, 37.5 என்ற எண்ணைப் பிள்ளைகள் மனத்தில் பதித்துவிட்டது. அப்படியிருக்க ஃபாரன்ஹீட் எதற்கு என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதே வீட்டில் பாட்டி பேரனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து "நூத்தி ரெண்டு இருக்கும் போல" என்கிறார். ஏர்கோன் ரிமோட்டில் ஏதோ ஒரு பொத்தான் அழுந்திவிட, 24 இருந்த இடத்தில் 75 தெரிகிறது. தீபாவளி பிஸ்கட்டுக்கு அம்மா தேடி எடுக்கும் அமெரிக்கச் செய்முறை, அடுப்பை 350இல் வைக்கச் சொல்கிறது. நம் அடுப்பின் குமிழோ 250இல் முடிந்துவிடுகிறது. ஆக, இரண்டு அளவுகோல்களும் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

அதைவிட வலுவான காரணம் கணிதத்தில் இருக்கிறது. மீட்டரை அடியாக மாற்றுவது, கிலோவை ராத்தலாக மாற்றுவது எல்லாம் ஒரே பெருக்கலில் முடிந்துவிடும். அங்கே சுழியம் இரண்டு பக்கமும் சுழியமே. வெப்பநிலையில் மட்டும் பெருக்கலோடு ஒரு கூட்டலும் சேர்கிறது. படிவம் 3இல் நேர்க்கோடு என்று வரும் பாடத்தின் சரிவும் வெட்டுத்துண்டும் இவைதாம். படிவம் 2இல் அறிவியல் பாடத்தில் வெப்பம் வருகிறது; அதே ஆண்டு கணிதத்தில் இயற்கணித வாய்பாடு வருகிறது, ஒரு வாய்பாட்டின் எழுவாயை மாற்றி எழுதச் சொல்லித் தருகிறார்கள். F-க்கான வாய்பாட்டை C-க்கு மாற்றி எழுதுவதைவிட அதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று அறிவியல் ஆசிரியரின் நேரம், மற்றொன்று கணித ஆசிரியரின் நேரம். மாணவர் இரண்டையும் இரண்டு பையில் போட்டுக்கொண்டு நடக்கிறார்.

மொழியும் குறுக்கே வருகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு 'வெப்பம்', 'வெப்பநிலை' என்று படித்த பிள்ளை, இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் மலாயில் 'ஹாபா', 'சூஹு' என்று கேட்கிறது. பழைய அறிவைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிதாக மனப்பாடம் செய்யத் தொடங்குகிறது. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. ஏனென்றால் இந்த இடத்தில் தமிழ்ச் சொல் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. வெப்பநிலை என்ற சொல்லிலேயே 'நிலை' இருக்கிறது. அது ஒரு இடம். நிற்கும் இடம். பொருள் எவ்வளவு வெப்பத்தை வைத்திருக்கிறது என்பது வேறு, வெப்பக் கோட்டில் அது எந்த இடத்தில் நிற்கிறது என்பது வேறு. ஒரு குவளைக் கொதிநீரும் ஒரு அண்டாக் கொதிநீரும் ஒரே நிலையில் நிற்கின்றன, வெப்பம் ஒன்றல்ல. இதைச் சொல்லிவிட்டால், 'நிற்கும் இடத்துக்கு எண் கொடுப்பது எப்படி' என்பதே மீதிப் பாடம்.

இடத்துக்கு எண் கொடுக்க இரண்டு அடையாளக் கற்கள் வேண்டும். ஒன்று போதாது. ஒரு கல் எங்கே தொடங்குவது என்று சொல்லும்; இரண்டாவது கல் இருந்தால்தான் ஒரு அடி எவ்வளவு நீளம் என்று தெரியும். 32இன் கதை இங்கேதான் இருக்கிறது.

டான்சிக் நகரில் 1686இல் பிறந்த டேனியல் கேப்ரியல் ஃபாரன்ஹீட் கருவி செய்பவர். பெரும்பாலும் ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்தார். 1708இல் கோப்பன்ஹேகனில் ஓலே ரோமர் என்ற வானியலாளரைச் சந்தித்தார். ரோமரின் வெப்பமானியில் நீர் உறைவது ஏழரையில், உடம்புச் சூடு இருபத்திரண்டரையில். இந்த அரைகளைத் தொலைக்க ஃபாரன்ஹீட் எல்லாவற்றையும் நான்கால் பெருக்கினார்: 30, 90. ஆம், என் மாணவி கேட்ட 30 ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது! பிறகு அவர் அவற்றை 32, 96 என்று நகர்த்தினார். ஏன்? 96இலிருந்து 32ஐக் கழித்தால் 64. கண்ணாடிக் குழாயில் கோடு போடும் கைவினைஞருக்கு 64 ஒரு வரம். இரண்டு புள்ளிகளுக்கு நடுவைக் கண்டுபிடிப்பது எளிது. நடுவுக்கு நடு, அதற்கும் நடு என்று ஆறு முறை பாதியாக்கினால் 64 சமக் கோடுகள் விழுந்துவிடும். 60ஐ அப்படிப் பாதியாக்கிக்கொண்டே போனால் 15இல் நின்றுவிடும். 1724இல் அவர் இந்த அளவுகோலை வெளியிட்டபோது, பனிக்கட்டி, நீர், நவச்சாரம் கலந்த கலவையின் குளிர்ச்சியைச் சுழியமாக வைத்திருந்தார்.

இதை வகுப்பில் சொல்ல ஏழு நிமிடம் ஆகும். சொன்ன பிறகு நான் ஒரு காகித நாடாவைக் கொடுத்து மடிக்கச் சொல்வேன். பாதி, பாதியில் பாதி என்று ஆறு மடிப்பு. விரல்களுக்கே 64 புரிந்துவிடும்.

நீரின் கொதிநிலை 212 என்பது பின்னர்தான் இரண்டாவது கல்லாக உறுதியானது. உறைநிலை 32, கொதிநிலை 212 என்று கற்கள் மாறியதும் நடுவே 180 படிகள் வந்தன; 96ஆக இருந்த உடம்புச் சூடு கொஞ்சம் மேலே நகர்ந்தது.

ஸ்வீடனின் உப்சாலா நகரத்து வானியலாளர் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742இல் அதே இரண்டு கற்களை எடுத்து நடுவில் 100 படி வைத்தார். ஆனால் கொதிநிலைக்கு 0, உறைநிலைக்கு 100! அவர் 1744இல் இறந்த பிறகு அளவுகோல் தலைகீழாகத் திருப்பப்பட்டது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். அந்த வியப்பை வீணாக்கக் கூடாது. "செல்சியஸ் ஐயாவின் சொந்தக் கருவி 70 காட்டினால், நம்முடையது எத்தனை காட்டும்?" என்று கேட்டால் 30 என்று சொல்ல அவர்களுக்குப் பத்து வினாடிகூட ஆகாது. எண் என்பது மனிதர் வைத்த ஒப்பந்தம், நிலை மட்டுமே இயற்கையுடையது என்பது அந்தப் பத்து வினாடியில் பதிந்துவிடும். செல்சியஸ் இன்னொன்றையும் கவனித்துச் சொன்னார்: உறைநிலை இடத்துக்கு இடம் மாறவில்லை, கொதிநிலை காற்றழுத்தத்தோடு மாறுகிறது. ஜார்ஜ்டவுன் கடற்கரையில் 100இல் கொதிக்கும் நீர், எழுநூறு மீட்டருக்கு மேலே உள்ள கொடிமலை உச்சியில் ஏறத்தாழ இரண்டு பாகை முன்னதாகவே கொதித்துவிடும்.

இனி வாய்பாட்டுக்கு வருவோம். தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதையில் ஒரு அப்பாவும் மகளும் நடக்கிறார்கள் என்று கரும்பலகையில் வரைவேன். அப்பா எட்டி வைக்கிறார். மகளுடையது சின்ன எட்டு. அவர் 5 எட்டு வைக்கும் தூரத்துக்கு அவளுக்கு 9 எட்டு வேண்டும். அப்பா வாயிலில் நின்று சுழியம் என்று எண்ணத் தொடங்குகிறார். மகளோ காரை விட்டு இறங்கியதிலிருந்தே எண்ணிக்கொண்டு வருகிறாள். வாயிலுக்கு வந்தபோது அவள் கணக்கு 32. இப்போது மகள் 86 என்கிறாள். அப்பா கணக்கில் அது எத்தனை?

பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். முதலில் கார் நிறுத்திய இடத்திலிருந்து வாயில்வரை வைத்த 32ஐ எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அது அப்பாவின் கணக்கிலேயே இல்லை. மீதி 54. அதில் ஆறு ஒன்பதுகள், ஒவ்வொரு ஒன்பதுக்கும் அப்பாவுக்கு ஐந்து, ஆக 30. 86 பாகை ஃபாரன்ஹீட் என்பது 30 பாகை செல்சியஸ். அடைப்புக்குறி ஏன் வருகிறது என்பதை இதற்குப் பிறகு யாரும் மறப்பதில்லை. 22.8 என்று எழுதிய மாணவியே அடுத்த வாரம், "நான் கார் பார்க் நடையையும் சேர்த்துச் சுருக்கிட்டேன் சார்" என்றாள். ஒரு ஆசிரியருக்கு அதைவிட என்ன வேண்டும்?

அதே படத்தில் பின்னோக்கியும் நடக்கலாம். அப்பாவும் மகளும் வாயிலுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால், இருவரும் ஒரே எண்ணைச் சொல்லும் இடம் ஒன்று வரும். கழித்தல் 40. அப்பாவின் 40 எட்டு என்பது மகளுக்கு 72. 32இலிருந்து 72 போனால் அதே கழித்தல் 40. இருவருக்கும் பொதுவான இடம் கிடைத்துவிட்டதால், அங்கிருந்து எண்ணினால் 32இன் தொல்லையே இல்லை: 40ஐக் கூட்டு, 9/5ஆல் பெருக்கு, 40ஐக் கழி. திரும்பி வர 5/9. முதலும் கடைசியும் எப்போதும் ஒன்றே. அழகான வழிதான், ஆனால் இதை முதல் நாளே கொடுத்தால் இன்னொரு மந்திரமாகப் போய்விடும். படம் வரைந்து, அந்தப் பொது இடத்தை அவர்களே கண்டுபிடித்த பிறகு கொடுக்க வேண்டும்.

மனக்கணக்குக்கு வேறு வழி இருக்கிறது. செல்சியஸை இரட்டிப்பாக்கி, பத்தில் ஒரு பங்கைக் குறைத்து, 32 சேர்த்தால் போதும். 30, 60, 54, 86. இது தோராயம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, துல்லியமானது, இரண்டில் பத்தில் ஒன்பது பங்கு 1.8தானே.

பெரும்பாலான பாடநூல்கள் தொடாமல் போகும் இடம் ஒன்று இருக்கிறது. படித்தவர்கள்கூட இங்கே தடுக்கி விழுவதைப் பார்க்கிறேன். கொடிமலை உச்சி ஜார்ஜ்டவுனைவிட ஏறத்தாழ 5 பாகை செல்சியஸ் குளிர்ச்சி. ஃபாரன்ஹீட்டில் எத்தனை பாகை குளிர்ச்சி? வாய்பாட்டைப் போட்டால் 41 வரும். அப்படியென்றால் மலைமேல் கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்க வேண்டும்! சரியான விடை 9. இங்கே கேட்பது ஒரு நிலை அல்ல, இரண்டு நிலைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி. அப்பாவும் மகளும் வாயிலைத் தாண்டிய பிறகு நடந்த தூரத்தை மட்டும் கேட்டால், கார் நிறுத்திய இடத்துக்கு அங்கே வேலை இல்லை.

இதற்கு நம் நாட்டு வானிலைப் பதிவே நல்ல கணக்கு. மலேசியாவில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 40.1 பாகை செல்சியஸ். பெர்லிஸ் மாநிலத்தின் சூப்பிங்கில், 1998 ஏப்ரல் 9ஆம் நாள். மிகக் குறைந்தது கேமரன் மலையில் 1978இல் பதிவான 7.8. இரண்டையும் தனித்தனியே ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 104.18, 46.04. வேறுபாடு 58.14. இப்போது செல்சியஸ் வேறுபாடான 32.3ஐ எடுத்து 1.8ஆல் மட்டும் பெருக்குங்கள். அதே 58.14. இரண்டு பக்கமும் ஏறிய 32 கழித்தலில் தானே மறைந்துவிட்டது. புவி சூடாவதை 1.5 பாகை செல்சியஸுக்குள் நிறுத்த முயல வேண்டும் என்று 2015 பாரிஸ் உடன்படிக்கை பேசுகிறது; அது ஃபாரன்ஹீட்டில் 2.7 பாகை. 34.7 என்று எழுதினால் உலகமே வெந்துவிடும். நிலைக்கு 32 உண்டு, இடைவெளிக்கு 32 இல்லை. நான் சுவரில் எழுதி ஒட்டியிருக்கும் ஒரே வரி இதுதான்.

தசமத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 350 பாகை ஃபாரன்ஹீட்டை மாற்றினால் கணிப்பான் 176.666 என்று காட்டும். அதை அப்படியே எழுதும் மாணவரிடம், வீட்டு அடுப்பின் குமிழை 176.666இல் நிறுத்த முடியுமா என்று கேட்பேன். செய்முறை எழுதியவர் 350 என்று சொன்னது ஒரு முழு எண்ணாகத்தான். நமக்கு 180 போதும். நேர்மாறான தவறு ஒன்று மருத்துவத்திலேயே நடந்தது. ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிக் 1868இல் உடம்பின் இயல்பான வெப்பநிலை 37 பாகை செல்சியஸ் என்று வெளியிட்டார். அது முழுமையாக்கிய சராசரி. ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியதும் 98.6 ஆனது, அந்தப் புள்ளி ஆறு, பத்தில் ஒரு பாகைவரை அளந்து சொன்னது போன்ற தோற்றத்தைக் கொடுத்துவிட்டது. 98.2 காட்டினால் பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ என்று பயப்படும் அம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள்.

படிவம் 4 இயற்பியலில் குறியில்லாத வெப்பமானிக்குக் குறியிடும் கணக்கு வருகிறது. பனிக்கட்டியில் வைத்தால் திரவம் 5 செ.மீ. உயரம், நீராவியில் 25 செ.மீ., ஒரு வாளித் தண்ணீரில் 11 செ.மீ. என்றால் வெப்பநிலை என்ன? இரண்டு கற்களுக்கு நடுவே 20 செ.மீ.; நாம் நிற்பது 6 செ.மீ. தள்ளி, பத்தில் மூன்று பங்கு. செல்சியஸில் 100இல் பத்தில் மூன்று, 30. ஃபாரன்ஹீட்டில் 180இல் பத்தில் மூன்று 54, அதோடு 32 சேர்த்து 86. சென்டிமீட்டரும் ஒரு வெப்பநிலை அளவுகோல்தான் என்று பிள்ளைகள் அப்போது கண்டுகொள்வார்கள். எந்த அளவுகோலிலிருந்து எதற்கு வேண்டுமானாலும் மாற்ற அந்த ஒரு பங்கு போதும். எந்த வாய்பாட்டையும் நினைவில் வைக்கத் தேவையில்லை.

அந்தத் துணிச்சல் வந்த பிறகு, சொந்தமாக ஒன்று செய்யச் சொல்வேன். சென்ற ஆண்டு என் மாணவர்கள் 'பினாங்குப் பாகை' என்று ஒன்று உருவாக்கினார்கள். கொடிமலையின் அதிகாலைக் குளிர், 20 பாகை செல்சியஸ், அவர்களுக்குச் சுழியம். ஆற்றிய தே தாரிக், 70 பாகை என்று வைத்துக்கொண்டு, அது 100. ஐம்பது பாகை இடைவெளி நூறு படியானதால் ஒரு செல்சியஸ் படிக்கு இரண்டு பினாங்குப் படி. பாயான் லெப்பாஸில் 32 பாகை வெயில் அடித்தால் பினாங்குப் பாகை 24. சூப்பிங்கின் பதிவு 40.2. கேமரன் மலைக் குளிர் கழித்தல் 24.4.

ஒருவன் எழுந்தான். "சார், நேத்து 20 பினாங்குப் பாகை, இன்னிக்கு 40. அப்போ ரெண்டு மடங்கு சூடா?" பின்வரிசையிலிருந்து உடனே மறுப்பு வந்தது: செல்சியஸில் அது 30இலிருந்து 40, ஒன்றரை மடங்குகூட இல்லை, இரண்டுக்கு எங்கே போவது! மூன்றாமவன் ஃபாரன்ஹீட்டில் போட்டுப் பார்த்தான்: 86, 104. மூன்று அளவுகோல், மூன்று விதமான 'மடங்கு'. பத்து நிமிடம் சண்டை நடந்தது. நான் குறுக்கிடவில்லை. சுழியத்தை நாம் விரும்பிய இடத்தில் வைத்துக்கொண்டு மடங்கு பேச முடியாது என்பது அவர்கள் வாயிலிருந்தே வர வேண்டும் என்று காத்திருந்தேன்.

வந்தது. "கீழ எதாச்சும் கடைசி இருக்கா சார்?" என்று கேட்டான் முதலில் எழுந்தவன்.

இருக்கிறது. இதற்குமேல் வெப்ப ஆற்றலை உருவி எடுக்கவே முடியாத நிலை; தனிச்சுழி என்கிறோம். பெல்ஃபாஸ்டில் பிறந்து கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, 1848இல் எந்தத் திரவத்தையும் சாராத தனி வெப்பநிலை அளவுகோல் ஒன்றை முன்வைத்தார். இன்று அவர் பெயரால் வழங்கும் கெல்வின் அளவுகோலில் சுழியம் தனிச்சுழியில் இருக்கிறது. படியின் நீளம் மட்டும் செல்சியஸுடையதே. அதனால்தான் செல்சியஸுக்கும் கெல்வினுக்கும் நடுவே பெருக்கல் இல்லை, 273.15ஐக் கூட்டினால் போதும். 1967க்குப் பிறகு அதற்குப் 'பாகை' என்ற ஒட்டும் கிடையாது. 303 கெல்வின் என்றே சொல்ல வேண்டும். படிவம் 4இன் வாயு விதிகளில் கெல்வினை ஏன் கட்டாயமாக்குகிறார்கள் என்பதும் இங்கேதான் விளங்கும். 30 பாகை செல்சியஸில் உள்ள வாயுவை, அழுத்தம் மாறாமல் 60க்குச் சூடாக்கினால் கனஅளவு இரட்டிப்பாகாது. 303இலிருந்து 333, பத்தில் ஒரு பங்குதான் கூடும். தேர்வில் இந்த ஒரு கணக்கில் மதிப்பெண் இழக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் என்னிடம் வருகிறார்கள்.

அன்று வகுப்பு முடிய இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. தனிச்சுழியை நான்கு அளவுகோலிலும் எழுதச் சொன்னேன். செல்சியஸில் கழித்தல் 273.15, ஃபாரன்ஹீட்டில் கழித்தல் 459.67, கெல்வினில் 0. பினாங்குப் பாகைக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. கழித்தல் 586.3 என்று முதலில் சொன்னவள், போன ஆண்டு 22.8 எழுதிய அதே மாணவி. அவள் நோட்டில் வாய்பாடு எதுவும் இல்லை. ஒரு நீளக் கோடும், அதன்மேல் இரண்டு கற்களும் வரைந்திருந்தாள்.